முதலில் பார்த்த முகம்

நூற்றிருபது துணிப்பொம்மைகள் நூற்றிருபது வீடுகளில் உட்கார்ந்துகொண்டு ஒரே பெண்ணைப் பார்த்த கதையைத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் ஆர்டரிலிருந்து தொடங்குவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைபடத்திலிருந்து தொடங்குவார்கள், ஞாயிறு சந்தைக்காரர்களோ அந்த ஆள் முக்காலியில் உட்கார்ந்த இடத்துக்கு நேராகத் தாவிவிடுவார்கள், ஏனென்றால் அப்போது அவர்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள், நிற்காதவர்களும் நின்றதாகத்தான் சொல்வார்கள். நாம் ஊசி முதலில் குத்திய இடத்திலிருந்து தொடங்குவோம்.

வடிவு திருப்பூருக்கு வந்து இறங்கியபோது ஒரு கையில் கட்டைப்பையும் இன்னொரு கையில் ஆறு வயது மகள் குழலியும் இருந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் அவளுக்கு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வந்த ஒரே மாதத்தில் தன் பேச்சிலிருந்த ஊர் வாசனையைத் துவைத்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, இரவல் சேலை கட்டுவதுபோல் சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுப் பேசப் பழகினாள். ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அவள் புருஷன் இசக்கி. ரைஸ்மில்லில் சூப்பர்வைசர், நாலு பேர் பார்க்கும்போது தங்கமானவன், கோயில் கொடைக்கு முதல் ஆளாக நின்று வேலை செய்வான், தெருவில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கதவைச் சாத்திய பிறகு அவன் வேறு ஆள். அடியைக்கூட வடிவு பொறுத்திருப்பாள், அத்தனை வருஷம் பொறுத்தவள்தானே. ஆனால் ஒருநாள் அடித்து ஓய்ந்து, செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, கோபமே இல்லாமல் ஒன்று சொன்னான். "நீ எங்கன வேணாலும் போய்க் கெட. பிள்ளய விடமாட்டேன். பள்ளிக்கூடத்து வாசல்ல வச்சே தூக்கிட்டுப் போயி ஒருத்தருக்கும் தெரியாத எடத்துல விட்டுட்டேன்னா, நீ ஆயுசுக்கும் தேடிக்கிட்டே அலைய வேண்டியதான்." அந்த நிதானம்தான் அவளைப் பஸ் ஏற்றியது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஒருநாள்கூடக் குழலி தனியாகப் பள்ளிக்கூடம் போனதில்லை. காலையில் வாசல்வரை கொண்டுபோய் விடுவாள், சாயங்காலம் மணி அடிக்கும் முன்பே போய் நிற்பாள், ஒன்பது வயதுப் பிள்ளையின் விரலை இரண்டு வயதுப் பிள்ளையின் விரலைப்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள்.

பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லர்களுக்கு எடுத்துக்கொடுக்கிற எடுபிடியாக, வேலைக்குப் போனவளின் கண்ணில் பட்டது கட்டிங் வேஸ்ட். வெட்டி எறிந்த துண்டுத்துணி, மூட்டை மூட்டையாக, ரோஜா நிறம், பாசி நிறம், குழந்தை உடம்பைப்போல மெத்தென்று. ஊரில் குழலிக்கு அவள் ஒரு பொம்மை தைத்துக் கொடுத்திருந்தாள், கிளம்பிய அவசரத்தில் அது அந்த வீட்டிலேயே கிடந்துவிட்டது, குழலி அதைக் கேட்டு அழுதாள் என்று இங்கே இன்னொன்று தைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு அழுதது. இப்படி அழுகைக்கு அழுகை ஒரு பொம்மையாகத் தைத்துத்தான் அவள் பொம்மைக்காரி ஆனாள். எல்லாப் பொம்மைக்கும் வாயின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது அவள் கைவாகு, அவளால் மாற்ற முடியவில்லை.

பழைய ஜின்னிங் மில் மைதானத்தில் ஞாயிறுதோறும் கைவேலைச் சந்தை கூடும். கையால் செய்ததைத் தவிர வேறெதுவும் விற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நாற்பது கடை. வடிவுக்கு இடது பக்கம் தேங்காய்ச் சிரட்டையிலும் கொம்பிலும் பட்டன் கடைந்து விற்கிற மைமூனா, வலது பக்கம் மண் குதிரை விற்கிற நாச்சிமுத்து. இந்த மூன்று கடைக்கும் நடுவில்தான் அந்த வழக்கம் உண்டானது. வடிவின் பொம்மைகள் கண் இல்லாமல்தான் கயிற்றில் தொங்கும். வாங்க வந்த பிள்ளை முதலில் பொம்மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மைமூனாவின் தட்டில் கைவிட்டு இரண்டு பட்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு நாச்சிமுத்துவின் முக்காலியில் உட்கார வேண்டும். பொம்மையின் முகத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பின்னந்தலையில் நீள ஊசியைக் குத்தி, வடிவு கண் தைப்பாள். தைத்து முடியும்வரை பொம்மைக்கு உரியவர் நிற்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. யார் வைத்த விதியென்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த இரண்டு நிமிஷம் பக்கத்து நாலைந்து கடைகளில் பேரம்கூட நின்றுவிடும், மூக்குறிஞ்சுகிற பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சாது.

ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை அவள் மீறினாள்.

ஒரு கம்பெனி மேனேஜரின் மனைவி ஹேமலதா, மகனின் முதல் பிறந்தநாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூற்றிருபது பொம்மை கேட்டாள். எட்டே நாள். நூற்றிருபது பிள்ளைகளை முக்காலியில் உட்காரவைக்க முடியுமா? கடைசி இரண்டு நாளும் குழலியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு கண் தைத்தாள். எதிரில் வேறு யாரும் இல்லை. இருநூற்று நாற்பது பட்டன். ஒவ்வொரு பொம்மையும் கண் திறந்ததும் முதலில் பார்த்தது, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த வடிவின் களைத்த முகத்தை.

பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள் ஹேமலதா போன் பண்ணினாள். "ஏனுங்க வடிவு, எங்க பொம்ம வடக்க பாத்துத் திரும்பி உக்காந்துக்குதுங்க. நேரா வெச்சா மறுக்காவும் திரும்பிக்குது. ஏதும் ஸ்பிரிங் வெச்சிருக்கீங்களா?" ஸ்பிரிங் எதுவும் இல்லை என்றாள் வடிவு. அவிநாசி ரோட்டிலிருந்து ஒருத்தர் தன் பொம்மை கிழக்கே பார்க்கிறதென்றார், காங்கயத்திலிருந்து ஒருத்தர் மேற்கே என்றார். மேற்கே வடிவின் வீடு, வடக்கே வடிவின் வீடு, கிழக்கேயும் அவள் வீடுதான். அவள் துணிமூட்டை எடுக்க மங்கலம் ரோட்டுக்குப் போனால், ஊரில் இருக்கிற பொம்மைகள் எல்லாம் சூரியகாந்திபோல மெல்லத் தலையைத் திருப்பி மங்கலம் ரோட்டைப் பார்த்தன. பெட்டியில் போட்டு மூடினாலும் உள்ளே துணி உராய்கிற சத்தம் கேட்டது.

ஊர் என்ன செய்தது? ஊர் எதற்குத்தான் அசந்தது. சாயத்தண்ணீரில் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பழகிக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் அதில் என்ன பிரயோஜனம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவளிடம் ரவிக்கையும் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வடிவு வீட்டில் இருக்கிறாளா என்று பொம்மையைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டினார்கள். ஒரு டவுன் பஸ் டிரைவர் தனக்குக் கிடைத்த பொம்மையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப அது எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொள்வதைப் பார்க்கவே பிள்ளைகள் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்டன. கைராசி ஜோசியர் ஒருவர் இது ஏழாமிடத்துக் கேது என்றார், அவரிடம் இருந்த பொம்மை அவரைப் பொருட்படுத்தாமல் ஜன்னல் வழியே வடிவின் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர், பொம்மை இருக்கிற பிள்ளைகளை எல்லாம் வீட்டிலிருந்து பொம்மை பார்க்கிற திசைக்கு நகராட்சி வரைபடத்தில் ஒரு கோடு போடச் சொன்னார். பதினான்கு கோடுகளும் சாயப்பட்டறை வீதியில் ஒரு ஓட்டு வீட்டின்மேல் வந்து வெட்டிக்கொண்டன. வகுப்பே கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகை அந்த வரைபடத்தை அப்படியே போட்டது.

அன்றைக்குத்தான் வடிவு பகலிலும் கதவைத் தாழிட்டாள். அதுவரை அவளுக்கு அந்தப் பார்வைகள் பிடித்துத்தான் இருந்தன, அதை மறைப்பானேன். யாரும் தன்னைக் கண்டுகொள்ளக் கூடாது என்று மூன்று வருஷம் சுவரோரமாக நடந்தவளை, தெருவே தலை நிமிர்த்திப் பார்த்தபோது அவளும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். பத்திரிகையில் தன் வீட்டுக் கூரைமேல் பதினான்கு கோடுகள் வந்து முட்டுவதைப் பார்த்தபோது அவளுக்கு அவை ஈட்டிகளாகத் தெரிந்தன.

இடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஒரு சிறுமியின் பொம்மைக்குக் கண் பிய்ந்துபோய்ச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணையும் வெட்டியெடுத்து, சிறுமியை முக்காலியில் உட்காரவைத்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துப் புதுக் கண் தைத்தாள் வடிவு. அந்தப் பொம்மை அன்றிலிருந்து வடிவை மறந்துவிட்டது. அது அந்தச் சிறுமியையே பார்த்தது, அவள் பள்ளிக்குப் போனால் பள்ளியைப் பார்த்தது, அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்தால் கட்டிலைப் பார்த்தது. சந்தையில் விற்றவை அவரவர் பிள்ளைகளின் கையிலேயே கிடந்ததால் அதுவரை யாரும் இதைக் கவனிக்கவில்லை; கண் திறந்ததும் முதலில் பார்த்த முகம்தான் அதற்கு முகம் என்று மைமூனா சொன்னாள். "நம்மளும் அப்படித்தானே, பெத்தவ மொகத்தத்தான் மொதல்ல பாத்தோம்," என்றாள். நாலாம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீட்டை விட்டு ஓடி ஓடிப்போகிற மகனை வைத்துக்கொண்டு அல்லாடிய ஒரு தாய், தன் பொம்மைக்கும் மகன் முகத்துக்கு நேராக அப்படித் தைத்து வாங்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் தங்கள் பொம்மையை மாற்றச் சம்மதிக்கவில்லை. "எங்களுக்கு உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோணும்," என்று பிரியமாகச் சொல்லிவிட்டார்கள். பிரியத்தோடு சண்டை போட முடியுமா?

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஹேமலதா மறுபடியும் போன் பண்ணினாள். குரலில் அத்தனை இரக்கம். "வடிவு, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுங்க. நம்ம விசேஷத்துக்கு அம்பாசமுத்திரத்துல இருந்து ஒருத்தர் வந்திருந்தாருங்கல்ல, அவரு வீட்டுக்கு ஒரு ஆளு வந்து, அந்தப் பொம்மையோட வாயப் பாத்ததும் அழுதுட்டாராமுங்க. காணாமப்போன சம்சாரம் தெச்ச மாதிரியே இருக்குதுன்னு. பாவம், அவங்களும் குடுத்தனுப்பிச்சுட்டாங்களாம். அதைக் கையில வெச்சுக்கிட்டே தேடிக் கண்டுபுடிக்கறேன்னு போயிருக்கறாராமுங்க."

வடிவு போனை வைத்தாள். இடது ஓரம் இறங்கிய வாய். குழலி விட்டுவிட்டு வந்த பொம்மை அந்த வீட்டில் மூன்று வருஷமாக அதே வாயோடு கிடந்திருக்கும், அவன் அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பான்.

அவள் செய்த முதல் காரியம் பள்ளிக்கு ஓடிக் குழலியை அழைத்துக்கொண்டு, கட்டைப்பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. ஈரோடோ சேலமோ, எதுவானாலும் சரி. ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அந்த டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பொம்மையின் பார்வை அவள் முதல் பிளாட்பாரத்தைத் தாண்டியபோது தாண்டியது, மூன்றாவதுக்குப் போனபோது போனது. டிரைவர் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, எங்கீங்க பொறப்பட்டுட்டீங்க? உங்க பொம்ம தவிக்குதுங்க பாருங்க." பக்கத்தில் நின்ற பூக்காரியும் சிரித்தாள். வடிவு சேலம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றாள். எந்த ஊருக்குப் போனாலும் அவன் கையிலிருக்கிற அந்த ஒரு பொம்மை அந்த ஊரைப் பார்க்கும். எந்தத் தெருவில் ஒளிந்தாலும் அது அந்தத் தெருவைப் பார்க்கும். இங்கேயாவது தன் பேர் தெரிந்த நாலு பேர் இருக்கிறார்கள். அவள் காலைக் கீழே எடுத்தாள்.

"எங்கம்மா போறோம்?" என்றாள் குழலி.

"எங்கயும் போவல கண்ணு," என்றாள் வடிவு. ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை, குழலி கவனித்தாள்.

திரும்பும் வழியில் மைமூனாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். மைமூனா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "மூணு வருசமா பக்கத்துக் கடையில உக்காந்திருக்கற, ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலியா உனக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டுக் குழலிக்கு ரொட்டியும் சேமியாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"வீட்டுல தனியா மாட்டுனா என்னயக் கொன்னுட்டுப் பிள்ளயத் தூக்கிட்டுப் போயிருவாரு அக்கா. நாலு பேரு பாக்குற எடத்துலன்னா அவரு கை ஓங்கமாட்டாரு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப நாயித்துக்கெழம சந்தைக்கு வா," என்றாள் மைமூனா. "அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

வெள்ளியும் சனியும் அவன் வரவில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி அவன் வந்துகொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. பொம்மை திசையைத்தான் காட்டும், தூரத்தைக் காட்டாது; மதுரையில் இறங்கிப் பார்த்தான், திண்டுக்கல்லில் இறங்கிப் பார்த்தான், தாராபுரத்தில் இறங்கிப் பார்த்தான், இன்னும் வடக்கே, இன்னும் வடக்கே என்று அது மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலை திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அதன் ஒரு கண் நூல் தளர்ந்து கன்னத்தில் தொங்கியது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அது ஜின்னிங் மில் மைதானத்தைப் பார்த்தது.

சந்தை நிறைந்திருந்தது. குழலி மேசைக்கடியில், துணிமூட்டைகளுக்கு நடுவில், மேலே தொங்கிய விரிப்பின் மறைவில் உட்கார்ந்திருந்தாள். வடிவு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள், ஒரே மடிப்பை நாலு தடவை பிரித்துத் தைத்தாகிவிட்டது. பத்தேகால் மணிக்கு மைமூனா, "வடிவு," என்று மட்டும் சொன்னாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு பொம்மை வந்துகொண்டிருந்தது. இசக்கி அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான், சாமி படத்தைத் தூக்கி வருகிறவனைப்போல. பொம்மையைத் தெரிந்த ஜனங்கள் சந்தோஷமாக விலகி வழி விட்டார்கள். "பொம்மக்காரம்மாவப் பாக்கோணுங்களா? நேராப் போங்க, அந்தக் கடைசியில." "அதுவே காட்டுமுங்க, அது பின்னாலயே போங்க." இப்படி ஊரே சேர்ந்து அவனைக் கைப்பிடித்து அவளிடம் கொண்டுவந்து விட்டது.

மேசைக்கு முன்னால் வந்து நின்றான். மூன்று வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தான், சட்டை வெள்ளையாக இருந்தது, நெற்றியில் திருநீறு.

"நல்லா இருக்கியா வடிவு," என்றான். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழும்படி அன்பாகச் சொன்னான். பொம்மையை மேசைமேல் போட்டான். "இந்தா. நீ தச்சதுதான் உன்னயக் காட்டிக் குடுத்துச்சு. போதும், கெளம்பு. பிள்ள எங்க?"

மேசைக்கடியில் ஒரு சின்னக் கை அவள் கணுக்காலைப் பிடித்தது.

நாச்சிமுத்து எழுந்து வந்தார். இசக்கி அவரைப் பார்த்துக் கும்பிட்டான். "எம் பொண்டாட்டிய்யா. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. எம் மவளயும் கூட்டிட்டு வந்துட்டா. மூணு வருசமா தேடுதேன்." நாச்சிமுத்து அப்படியே நின்றுவிட்டார். சுற்றியிருந்தவர்களும் நின்றார்கள். புருஷன் பொண்டாட்டி விவகாரம், கும்பிட்டுப் பேசுகிற மனுஷன், வெள்ளைச் சட்டை. ஊரின் கை இப்படிப்பட்ட இடத்தில் முதலில் பின்னுக்குத்தான் போகும். வடிவுக்கு அது தெரியும். அவன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்த பிடியும் அவளுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் கண் இப்போது மேசையின் விரிப்பில் நின்றது. விரிப்பு லேசாக அசைந்தது.

அவள் பொம்மையைக் கையில் எடுத்தாள்.

"கண்ணு தொங்குது," என்றாள். மூன்று வருஷமாகச் சந்தையில் யாரும் கேட்காத தன் ஊர்ப் பேச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இங்கன வாங்குன பொம்மைக்குக் கண்ணு போனா நாங்கதான் தச்சுத் தரணும். தச்சுத் தாரேன். உக்காருங்க."

சந்தைக்கு அந்தச் சொல் போதும். பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றது. நாச்சிமுத்துவின் கை பழக்கத்தில் தானாகவே முக்காலியை இழுத்துப் போட்டது. "உக்காருங்க தம்பி. கண்ணு வெக்கறப்ப நிக்கப்படாதுங்க." இசக்கி சுற்றிலும் பார்த்தான். நாற்பது கடைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வாய்மூடி, அவன் உட்காரட்டும் என்று காத்திருந்தார்கள். நாலு பேர் பார்க்கும்போது நல்லவனாக இருந்தே பழகியவன், அவனால் என்ன செய்ய முடியும்? சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

வடிவு கத்திரியை எடுத்துத் தொங்கிய கண்ணை வெட்டினாள். பிறகு நல்ல கண்ணையும் வெட்டினாள். பொம்மையின் முகம் ஒரு நிமிஷம் வெறும் துணியாக இருந்தது, அந்த ஒரு நிமிஷம் உலகத்தில் அது யாரையும் பார்க்கவில்லை. மைமூனா கேட்காமலேயே இரண்டு பெரிய கறுப்புக் கொம்புப் பட்டன்களை நீட்டினாள். வடிவு பொம்மையின் முகத்தை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், இரண்டு முழத் தூரத்தில். பின்னந்தலையில் ஊசியைக் குத்தினாள். கை தன் வேலையைத் தானே செய்தது, அவள் அவனையே பார்த்தாள். பத்து வருஷம் குடும்பம் நடத்தியும் இத்தனை நேரம் அவள் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டு இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு ஏதோ உறுத்தியது, பேச வாயெடுத்தான். "பேசப்படாதுங்க," என்றது கூட்டத்தில் ஒரு குழந்தை. வாயை மூடிக்கொண்டான். ஒரு கண் முடிந்தது. நூலை இழுத்தாள், இரண்டாவது பட்டனைக் கோத்தாள். கணுக்காலைப் பிடித்திருந்த கை விடவில்லை. மூன்று முடிச்சுப் போட்டுக் குனிந்து நூலைக் கடித்தாள்.

"முடிஞ்சுது," என்று பொம்மையை மேசைமேல் உட்காரவைத்தாள்.

"சரி, பிள்ளயக் கூப்பிடு," என்று அவன் எழுந்தான். அவன் எழும்பியபோது பொம்மையின் தலை மெல்ல மேலே எழும்பியது. அவன் விரிப்பைத் தூக்க மேசையின் இடது பக்கமாகப் போனான், தலை இடது பக்கம் திரும்பியது. நின்றான். வலது பக்கம் ஒரு எட்டு வைத்தான். பொம்மையும் பார்த்தது.

"இந்த மாமாவத்தான் பாக்குது," என்றது அதே குழந்தை.

மற்றப் பொம்மைகள் பார்த்தது, நூலைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு களைத்த முகத்தை, அதனால் அந்தப் பார்வையில் எப்போதும் ஒரு சாந்தம் இருக்கும். இது பார்த்த முதல் முகம் வேறு. அந்தக் கறுப்புப் பட்டன்களில் என்ன இருந்ததென்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. நாச்சிமுத்து ஒரு எட்டு முன்னால் வந்து விரிப்புக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"சரி," என்றான் இசக்கி. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்குப் போறேன். பொறவு வாரேன்."

"வாங்க," என்றாள் மைமூனா. பட்டன் தட்டைத் துடைத்துக்கொண்டே, விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் வாங்க. எந்தப் பக்கமா வர்றீங்கன்னு இனி எங்களுக்குத் தெரியுமுங்க."

அவனுக்கு அது உறைக்க ஒரு கணம் பிடித்தது. பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிரில் டீக்கடையில் ஒதுங்கி நிற்க முடியாது. தெருமுனையில் காத்திருக்க முடியாது. பஸ் ஏறும்போதே தெரிந்துவிடும். பாய்ந்து பொம்மையைப் பிடிக்கக் கையை நீட்டினான், அந்தக் கை ஓங்கிய கையாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் வடிவு பொம்மையை மைமூனாவிடம் கொடுத்திருந்தாள், மைமூனா கூடைக்காரியிடம், கூடைக்காரி சோப்புக்காரனிடம், சோப்புக்காரன் அடுத்த கடைக்கு என்று பொம்மை நாற்பது கடையையும் சுற்றிக் கைமாறிக்கொண்டே போனது. எந்தக் கையில் இருந்தாலும் அது திரும்பி அவனையே பார்த்தது. அவன் சந்தையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

சாயங்காலம் பொம்மை பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது. திங்கட்கிழமை காலை நேர் தெற்கே பார்த்தது.

வடிவு அதைத் தன் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். ஊர் இதையும் பழகிக்கொண்டது. பால்காரர் பாலை ஊற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் தினமும் மணி அடிக்கும் முன், "எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார், மழை வருமா என்று கேட்பதுபோல. "தெக்குதானுங்க," என்பாள் வடிவு. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை பொம்மை கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது. அன்று தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை, நாச்சிமுத்து கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்தார், டவுன் பஸ் டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் இறங்கி வந்து விசாரித்தார். மறுநாள் மத்தியானம் அது தெற்கே திரும்பிக்கொண்டது. தூத்துக்குடிக்கு ஏதாவது சோலியாகப் போயிருப்பான் என்று வடிவு கணக்குப் போட்டாள்.

அதற்கடுத்த வாரம், ஒரு காலை, குழலி சடையைத் தானே பின்னிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தெக்கும்மா," என்றாள். "நான் தனியாப் போறேன்."

வடிவின் கை பழக்கத்தில் நீண்டது. நீண்ட கை அந்தரத்தில் நின்றது, பிறகு மெல்லக் கதவைப் பிடித்துக்கொண்டது. பயமா சந்தோஷமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை, இரண்டும்தான். குழலி தெருவில் இறங்கி நடந்தாள். திருப்பூரிலும் காங்கயத்திலும் இன்னும் எங்கெங்கோ உள்ள வீடுகளிலும் நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் அந்த நேரத்தில் கதவைப் பிடித்து நின்ற வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளோ தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் முனை திரும்பிப் போனாள்.